பைத்தானில் கோப்பில் எழுதினால் பழைய வரிகள் ஏன் அழிகின்றன?

பினாங்கு லெபோ பாசாரில் அப்பாவின் மளிகைக் கடைக் கடன் கணக்கைப் பைத்தானில் சேமிக்கிறீர்கள். நேற்றைய வரிகளைக் காணோம், தமிழ்ப் பெயர் போட்டால் பிழை வருகிறது என்கிறீர்கள்.

முதல் குற்றவாளி, கோப்பைத் திறக்கும் ஓப்பன் (open) கட்டளைக்குக் கொடுத்த 'டபிள்யூ' (w). அதற்கு 'துடைத்துவிட்டு எழுது' என்று பொருள். ஓர் எழுத்துகூட எழுத வேண்டாம், திறந்த கணமே பழையது போய்விடும். தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் நன்கொடைப் பட்டியலை நானும் இப்படித்தான் காலி செய்தேன். யார் 50 வெள்ளி கொடுத்தது என்று ஒவ்வொருவரிடமும் மறுபடி கேட்டது தனிக்கதை. அதற்குப் பதில் 'ஏ' (a) போடுங்கள், கடைசி வரிக்குக் கீழே சேரும். புதுவரிக் குறியை நீங்களேதான் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் 'முருகன் 20செல்வி 35' என்று ஒட்டிக்கொள்ளும்.

தமிழ்ப் பிழை பெரும்பாலும் விண்டோஸ் கைவரிசை. என்கோடிங், அதாவது எழுத்துகளை எந்தக் குறிமுறையில் சேமிப்பது என்று சொல்லாவிட்டால் பல கணினிகளில் தமிழுக்கு இடமே இல்லாத பழைய குறிமுறையில் எழுதப் பார்க்கும். எழுதும்போதும் படிக்கும்போதும் தமிழுக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 (utf-8) குறிமுறை என்று குறிப்பிடுங்கள். அதில் 'அம்மா' என்பது அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறிகள். குறிக்கு 3 பைட், மொத்தம் 15.

படிக்க 'ஆர்' (r) போட்டு, ஃபார் (for) சுற்றில் வரி வரியாக எடுங்கள். எந்தக் கோப்பையும் 'வித்' (with) போட்டே திறங்கள், வேலை முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும்.