ஒரு வயதுக் குழந்தையோடு காரில் சுற்றுலா: கேட்டவையும் என் பதில்களும்

என் இரண்டு பிள்ளைகளையும் ஒரு வயது முடிந்த சூட்டோடு காரில் ஊர் சுற்ற அழைத்துப் போயிருக்கிறோம். மூத்தவளோடு சென்னையிலிருந்து ஒரே நாளில் கொடைக்கானல் போனோம். சின்னவனோடு கும்பகோணத்தில் தங்கி அக்கம்பக்கத்து ஊர்களைப் பார்த்தோம். முதல் பயணத்தில் மூன்று பேரும் களைத்துப்போனோம், இரண்டாவதை இன்றும் ஆசையாகப் பேசிக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உடல்நிலை பற்றிய சந்தேகத்தை உங்கள் குழந்தை மருத்துவரிடமே கேளுங்கள்.

அக்கா, பொங்கலுக்கு நாலு நாள் லீவு. பாப்பாவுக்குப் பதிமூன்று மாதம். தாம்பரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் சாயங்காலம் கொடைக்கானல் போய்விடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரி வருமா?

வேண்டாம்மா. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். பெரியவர்கள் மட்டும் போனால் பத்து மணி நேரம் என்று கணக்குப் போடலாம். குழந்தையோடு போனால் அது பதிமூன்று, பதினான்கு ஆகும். பால், சாப்பாடு, டயப்பர் மாற்றுவது, கொஞ்ச நேரம் தரையில் விடுவது என்று எங்கள் பயணத்தில் எட்டு முறை நின்றோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்தபோது இருட்டிவிட்டது. அவள் அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தாள். மறுநாள் முழுக்க யாரும் அறையை விட்டு வெளியே வரவில்லை. நாலு நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள், அசதிக்கு ஒரு நாள் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

நான் இப்போது வைத்திருக்கும் அளவு இதுதான்: வண்டி ஓடும் நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி, மிஞ்சிப் போனால் நான்கு. முதல் பயணம் என்றால் 150 கிலோமீட்டருக்குள் ஒரு ஊர். ஒரே இடத்தில் மூன்று இரவு தங்குங்கள். தினம் ஒரு விடுதி மாறினால் தினமும் புது அறை, புது வாசனை, புது இருட்டு. குழந்தை பழகுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

உங்களுக்குப் புதுச்சேரி போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர், நடுவில் மாமல்லபுரத்தில் ஒரு நிறுத்தம். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரை ஓரச் சாலையில் வண்டி விடமாட்டார்கள். நடை பழகும் குழந்தையை வண்டி பயமில்லாமல் விட அவ்வளவு நீளமான இடம் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. முடிந்தால் பொங்கல் கூட்டம் வடிந்த அடுத்த வாரம் போங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் சென்னையை விட்டு வெளியேறும் சாலைகளில் நிற்கும் வரிசையில் கைக்குழந்தையோடு மாட்டுவது பெரிய அவதி.

என் மடியில் இருந்தால்தான் பேரன் அழாமல் வருவான். கார் சீட் எல்லாம் வெளிநாட்டுக்காரர்களுக்கு. நான் நாலு பிள்ளை வளர்த்தவள், கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத் தெரியாதா கண்ணு?

அம்மா, உங்கள் கை பிடிக்கும் பிடியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதிலாவது மோதினால், பத்துக் கிலோ குழந்தை சுமார் 300 கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தப் பாட்டியாலும், எந்த பயில்வானாலும் அதைப் பிடிக்க முடியாது. ஒரே சீட் பெல்ட்டுக்குள் இருவரும் இருந்தால் இன்னும் மோசம், உங்கள் உடலின் கனம் முழுக்கக் குழந்தைமேல் அழுந்தும்.

2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. பேரனுக்காகச் சொல்கிறேன்.

ஒரு வயதுக் குழந்தையின் இருக்கை பின் கண்ணாடியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அந்த வயதில் தலை கனம், கழுத்துக்கு வலு குறைவு. திடீரென பிரேக் போட்டால் முதுகும் தலையும் சேர்ந்தாற்போல் இருக்கையில் அழுந்துவதுதான் பாதுகாப்பு. முன்சீட்டில், ஏர்பேக் இருக்கும் பக்கம் அப்படி மாட்டவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையின் உயிரையே எடுத்துவிடும். வாங்குமுன் உங்கள் காரில் குழந்தை இருக்கையை நேராகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று பின்சீட்டு இடுக்கில் கைவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் சீட் பெல்ட்டால் கட்டும் வகை கிடைக்கும்.

அழுவான் என்பது உண்மைதான். அதனால் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பழக்குங்கள். முதலில் இருக்கையை வீட்டுக் கூடத்தில் வைத்து அதில் உட்கார வைத்து விளையாடுங்கள். அப்புறம் தெருமுனை வரை, கோயில் வரை. எங்கள் சின்னவன் நாலாவது நாள் தானாகவே ஏறி உட்காரப் பார்த்தான். நீங்கள் பின்சீட்டில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து விரலைக் கொடுங்கள். மடி கேட்டால் வண்டியை நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் குழந்தை வழியெல்லாம் தூங்கிவிடும் இல்லையா?

குழந்தை தூங்கும் தம்பி. ஓட்டுகிற உங்களுக்கும் தூக்கம் வரும். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு இரவு வண்டி ஓட்டுவதும், விடியற்காலை இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை நெடுஞ்சாலையில் இருப்பதும் எனக்குச் சம்மதமில்லை. நாங்கள் எல்லோரும் ஒன்பது மணிக்கே படுத்து, ஐந்தரைக்குக் கிளம்புகிறோம். தூங்கும் பிள்ளையை அப்படியே தூக்கி இருக்கையில் வைத்தால் ஏழு, ஏழரை வரை தொந்தரவு இல்லை. இட்லிக்கு நிற்கும்போது பாதி வழி முடிந்திருக்கும். மிச்சத்தை மதியத் தூக்கத்தில் ஓட்டிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இருக்கையிலிருந்து இறக்கி, கை காலை நீட்டவிடுங்கள்.

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால், எழுப்பாமல் ஏசியைப் போட்டுவிட்டு நாங்கள் இறங்கி டீ குடிக்கலாமா?

கூடவே கூடாது. ஐந்து நிமிடம்கூட வேண்டாம். ஏசி நின்றுவிட்டாலோ கதவு தானாகப் பூட்டிக்கொண்டாலோ, பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறும். வெளியே 35 இருந்தால் உள்ளே 45. ஒருவர் குழந்தையோடு இருங்கள், ஒருவர் டீயை வாங்கி வாருங்கள்.

வழியில் என்ன சாப்பாடு கொடுப்பது? என் மகள் வீட்டுச் சாப்பாடு தவிர எதுவும் தொடமாட்டாள்.

நம் ஊரில் பயணம் போவதில் இருக்கும் பெரிய வசதி இட்லி. ஆவியில் வெந்தது, சூடாகக் கிடைக்கும், காரம் கிடையாது. காலையிலும் இரவிலும் எந்த ஊரிலும் நம்பிக் கொடுக்கலாம். மதியம் சூடான சாதத்தில் நெய்யும் கொஞ்சம் பருப்பும் கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள். வீட்டிலிருந்து சத்துமாவு, ஒரு பிளாஸ்க் வெந்நீர், வாழைப்பழம், ஆறவைத்த கொதித்த நீர் போதும். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போனால் வெயில் ஏறுமுன் தீர்த்துவிடுங்கள், பூட்டிய காரில் மதியம்வரை வைத்தால் புளித்துக் கெடும். புதிய தின்பண்டங்களைப் பயணத்தில் பழக்கவே வேண்டாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில் கெட்டியான எதையும் ஊட்டாதீர்கள். ஒரு குலுக்கலில் தொண்டையில் சிக்கினால், வண்டியை ஓரம் கட்டுவதற்குள் நேரம் போய்விடும். வேர்க்கடலை, முழுத் திராட்சை, பாப்கார்ன், முறுக்குத் துண்டு எல்லாம் இந்த வயதுக்கு எங்கேயும் ஆகாது. பெரியவர்கள் தின்றுவிட்டுச் சீட்டில் சிதறும் கடலையையும் பொறுக்கிவிடுங்கள், பிள்ளைகளின் கண்ணுக்கு அதுதான் முதலில் தெரியும்.

தாய்ப்பால் கொடுக்கிறவர்களுக்கு: பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் உண்டு. நான் காரிலேயே, வண்டியை நிறுத்திவிட்டு, ஜன்னலில் துப்பட்டாவைச் செருகிக்கொண்டு கொடுத்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து கேட்கிறேனுங்க. வால்பாறை போலாமா, ஊட்டி போலாமா? பையனுக்குக் காது அடைக்குமா, வாந்தி வருமா?

இரண்டு வயதுக்குள் வண்டி வாந்தி அபூர்வம்ங்க. பின்சீட்டில் இருக்கும் அம்மாவுக்குத்தான் அதிகம் வரும். காது அடைப்பது வரும், முக்கியமாக இறங்கும்போது. விழுங்கினால் சரியாகும், அதனால் சிப்பரில் தண்ணீரோ பாலோ கொடுத்துக்கொண்டே வாருங்கள். சளி பிடித்திருந்தால் வலி கூடும், அந்த வாரம் மலை வேண்டாம்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அழகான பாதைதான், ஆனால் இந்த வயதுக் குழந்தையோடு நானாக இருந்தால் தேர்ந்தெடுக்கமாட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறினால் ஊட்டிக்கு முன்பே குன்னூரிலோ கோத்தகிரியிலோ தங்கிவிடலாம். குளிரும் ஊட்டி அளவுக்கு இருக்காது, கூட்டமும் குறைவு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கிளம்புமுன் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்று போனில் பதிவு செய்துகொண்டிருந்தால் பின்சீட்டில் அழுகை தொடங்கிவிடும்.

விடுதியில் எதைப் பார்த்து அறை எடுக்க வேண்டும்?

நீச்சல் குளத்தைவிட எனக்குத் தரை முக்கியம். இந்த வயதில் பகல் முழுக்கத் தவழ்வதும் தத்தி நடப்பதும் தரையில்தான். கீழ்த்தளம், வெளியே ஒரு துண்டுப் புல்வெளி, அறைக்குள் வெந்நீர்க் கெட்டில், இந்த மூன்றையும் போனில் கேட்டு உறுதி செய்யுங்கள். ஒரு விடுதியில் "தொட்டில் இருக்கு மேடம்" என்றார்கள், போய்ப் பார்த்தால் இல்லை. அன்றிரவு மெத்தையைத் தரையில் இழுத்துப் போட்டுப் படுத்தோம். அதுவே நல்லதாகப் போனது, உருண்டு விழும் பயமில்லை. இப்போது எங்கே போனாலும் அப்படித்தான். தூளியில் மட்டும் தூங்கும் பிள்ளையாக இருந்தால், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே பாயில் தூங்கப் பழக்குங்கள். விடுதியில் தூளி கட்டக் கொக்கி இருக்காது, மின்விசிறிக் கொக்கியில் கட்டும் துணிச்சலும் வேண்டாம். வீட்டில் போர்த்தும் பழைய புடவையைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள், அந்த வாசனைக்கே தூக்கம் வரும்.

அறைக்குள் போனதும் பெட்டியைத் திறக்குமுன் ஒருமுறை நீங்களே தவழ்கிற உயரத்தில் குனிந்து பாருங்கள். பிளக் பாயிண்ட், கெட்டிலின் தொங்கும் வயர், குளியலறை வாளி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

மருந்துப் பையில் என்னென்ன? சளிக்குக் கற்பூரம் தடவலாமா?

கற்பூரம் வேண்டாம். பச்சைக் கற்பூரமோ கற்பூரம் கலந்த தைலமோ, இரண்டு வயதுக்குள் மூக்கிலும் மார்பிலும் தடவக் கூடாது. வாயில் போட்டால் வலிப்பே வரும். சட்டையில் முடிந்து வைப்பதையும் விட்டுவிடுங்கள். தெர்மாமீட்டர், எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் எழுதிக் கொடுத்த காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், டயப்பர் புண்ணுக்குக் களிம்பு, ஒரு கொசுவலை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், கண்ணளவு ஆகாது. தடுப்பூசி போட்ட மறுநாள் கிளம்பாதீர்கள். அவசரத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033.

கும்பகோணம் என்று அடிக்கடி சொல்கிறீர்களே அக்கா, கோயில் ஊரில் குழந்தைக்கு என்ன இருக்கிறது?

புல்வெளி இருக்கிறது! கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டோம். ராஜேந்திர சோழன் கட்டிய விமானம் எதிரே நிற்க, பனி ஈரம் காயாத புல்லில் மகன் அரை மணி நேரம் தவழ்ந்தான். நாங்கள் ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போய் நிதானமாகப் பார்த்தோம். தாராசுரத்திலும் அப்படியே. பத்து மணிக்குமேல் கல் தரை கொதிக்கும், வெறுங்காலில் நிற்க முடியாது, அதற்குள் கிளம்பிவிடுங்கள். மதியம் கோயில்களின் நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். குழந்தை தூங்கும் நேரமும் அதுதான், நீங்களும் படுக்கலாம்.

ஒரு நாள் தரங்கம்பாடி. சுமார் அறுபது கிலோமீட்டர், போகும்போது ஒரு குட்டித் தூக்கம், வரும்போது ஒன்று. டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு முன்னால் கடற்காற்றில் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான் அன்றைய திட்டம். சென்னையிலிருந்து கும்பகோணம் முந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கம் வரும், எனவே போகும்போது புதுச்சேரியில் ஓர் இரவு தங்கிப் பிரித்துக்கொண்டோம். தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழை, சித்திரை, வைகாசியில் வெயில்.

எல்லாம் சரி அக்கா. வீட்டில் செய்வதையே வேறு ஊரில் போய்ச் செய்யப்போகிறேன். இதில் எனக்கு என்ன ஓய்வு?

இதைக் கேட்டதற்கு நன்றி. எனக்கும் முதல் பயணத்தில் இதே மனக்குறைதான். இரண்டாவது முறை கிளம்புமுன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினேன். காலையில் குழந்தை விழித்ததும் அவர் பொறுப்பு. முகம் துடைத்து, டயப்பர் மாற்றி, வெளியே தூக்கிப் போய் காக்கா, மாடு காட்டி, எட்டு மணிக்குத்தான் திரும்ப வேண்டும். பாட்டில் கழுவுவதும் அவர்தான். மதியம் என் பொறுப்பு, அவர் தூங்குவார். மாமியார் கூட வந்ததால் ஒரு மாலை எங்கள் இருவருக்கும் கிடைத்தது. மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, டிகிரி காபி குடித்துவிட்டு வந்தோம்.

சொல்லாமலே புரிந்துகொள்வார் என்று காத்திருக்காதீர்கள். அறை பதிவு செய்யும் அன்றே இதையும் பேசி முடியுங்கள். முதல் நாள் காலையில் குழந்தை அம்மாவைக் கேட்டு அழும், நீங்களும் எழுந்து ஓடப் பார்ப்பீர்கள். எழாதீர்கள். பத்து நிமிடத்தில் இருவரும் வெளியே காக்காவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.