ரப்பர் ஸ்டாம்பும் வாட்டர்கலர் கிரேயானும்: நீங்கள் கேட்டவை

கேள்வி: அக்கா, வீட்டில் பிள்ளைகளின் மெழுகு கிரேயான் நிறைய கிடக்கிறது, ரப்பர் ஸ்டாம்பில் தீட்டி அடிக்க வாட்டர்கலர் கிரேயானுக்குப் பதிலாக அதையே பயன்படுத்தலாமா?

முடியாது. அந்த மெழுகு தண்ணீரில் கரையாது. டப்பாவில் நீரில் கரையும் என்று போட்டிருக்க வேண்டும். காரன் தாஷ் நிறுவனத்தின் நியோகலர் கிரேயான் வாங்குபவர்கள் 2-ஆம் எண் போட்டதைப் பார்த்து எடுங்கள், 1 கரையாத வகை. ஆரம்பத்துக்கு 10 நிறம் உள்ள பெட்டி தாராளம்.

கேள்வி: ஸ்டாம்ப் மேலேயே நேராகத் தீட்டி அடித்தால் படம் திட்டுத்திட்டாக விழுகிறதே?

எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான். முதலில் ஸ்டாம்பைப் பாருங்கள். மெல்லிய கோடுகள் உள்ள ஸ்டாம்ப் இதற்குச் சரிவராது. பெரிய இலை, பூ இதழ் என்று அகலமான பரப்பு உள்ளதாக எடுங்கள். கிரேயானின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு தீட்டினால் ரப்பரில் நன்றாகப் பிடிக்கும். வெளிர் நிறத்தை முதலில் தீட்டி அடர் நிறத்தைப் பிறகு தொடுங்கள், இல்லையென்றால் மஞ்சள் கிரேயானின் நுனி பச்சையாகிவிடும். அப்புறம் ஸ்ப்ரே பாட்டிலை ஓரடி தள்ளிப் பிடித்து லேசாக ஒரு தடவை அடியுங்கள், ரப்பர் பளபளத்தால் போதும், துளி திரண்டு நின்றால் அது அதிகம். அப்படியே தாளில் வைத்து, அசைக்காமல் சில நொடி அழுத்திவிட்டு நேராகத் தூக்குங்கள். மீதி இருக்கும் வண்ணத்தில் இன்னொரு முறை லேசாக ஸ்ப்ரே செய்து அடித்தால் வெளிறிய இரண்டாவது படம் கிடைக்கும், எனக்கு முதல் படத்தைவிட அதுதான் பிடிக்கும்.

கேள்வி: கறுப்பு இங்கில் அடித்துவிட்டு உள்ளே வண்ணம் தீட்டினேன். பிரஷ் பட்டதும் கோடெல்லாம் கலைந்துவிட்டது.

நீங்கள் எடுத்தது தண்ணீர் தாங்காத இங்க். மெமென்டோ என்கிற இங்க் ஆல்கஹால் மார்க்கருக்கு நல்லது, தண்ணீருக்கு ஆகாது. ஸ்டேஸ்ஆன் அல்லது வெர்சாஃபைன் இங்க் எடுத்து, முழுக்கக் காயவிட்டுத் தீட்டுங்கள். எம்பாஸிங் பவுடரும் (ஈர இங்கின் மேல் தூவிச் சூடாக்கினால் உருகும் பொடி) அதைச் சூடாக்கும் ஹீட் கன்னும் இருந்தால் இன்னும் வசதி: உருகி மேடாக நிற்கும் கோடு வரப்பு மாதிரி வண்ணத்தைத் தடுத்து நிறுத்தும். கிரேயானைப் படத்தின் மேல் தேய்க்காமல் ஒரு பிளாஸ்டிக் தாளில் கிறுக்கி, ஈரப் பிரஷால் எடுத்துத் தீட்டினால் கிரேயான் கோடு தெரியாது.

கேள்வி: கார்டு வளைந்துபோகிறது, என்ன செய்ய?

300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். ஸ்டாம்புக்கு வழவழப்பான ஹாட் பிரஸ் வகைதான் நல்லது, சொரசொரப்பான தாளில் படம் விட்டுவிட்டு விழும். காய்ந்ததும் கனமான புத்தகத்தின் கீழே வையுங்கள்.

கேள்வி: காய்ந்த பிறகும் ஈரக் கை பட்டு வண்ணம் ஒட்டிக்கொண்டது.

இந்தக் கிரேயானின் குணமே அப்படி, மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். அதனால் படத்தை அட்டையில் ஒட்ட நீர்ப் பசை வேண்டாம், இரட்டைப் பக்க டேப் போடுங்கள். தபாலில் அனுப்புவதென்றால் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்புங்கள்.

கேள்வி: ஸ்டாம்பை எப்படிக் கழுவுவது?

கிரேயான் வண்ணத்துக்கு ஈரத்துணி போதும், இடுக்கில் சிக்கியதைப் பழைய டூத் பிரஷால் மெல்லத் தேய்த்து எடுங்கள். ஸ்டேஸ்ஆனுக்கு மட்டும் அதற்கென்று விற்கும் கிளீனர் வேண்டும். மரக்கட்டை ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறப் போடவே போடாதீர்கள், பசை விட்டு ரப்பர் கழன்றுவிடும்.