பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருடன் சப்வூஃபரை (கீழ் ஒலிகளுக்கான தனிப் பெட்டியை) இணைக்க ஏவி ரிசீவர் (சினிமாவுக்கான பல ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயர்) வாங்கியே ஆக வேண்டுமா? கிராஸோவரை, அதாவது ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒலியைப் பங்கிட்டுக்கொள்ளும் எல்லையை, எந்த எண்ணில் வைப்பது? 40 வாட் போதுமா?

உங்களிடம் இருப்பதாகச் சொல்பவை: 40 வாட் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், 5 அங்குல வூஃபர் உள்ள சிறிய ஸ்பீக்கர் ஒரு ஜோடி, இப்போது புதிதாக ஒரு 10 அங்குல சப்வூஃபர். பாட்டு மட்டும்தான் கேட்பீர்கள், சினிமா இல்லை. அப்படியானால் ரிசீவர் வாங்க அவசரப்படாதீர்கள். முதலில் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பாருங்கள். உங்கள் கேள்விக்கான பாதி விடை அங்கே இருக்கிறது.

நானும் இதே இடத்திலிருந்துதான் தொடங்கினேன். அப்பா 1980களில் வாங்கிய ஜப்பானிய ஆம்ப்ளிஃபயர் அது. சப்வூஃபர் விற்ற கடையில், "பின்னால் ரெக் அவுட் என்று ஒரு துளை இருக்கும், அதில் செருகினால் போதும்" என்று சொல்லி அனுப்பினார்கள். செருகினேன், ஒலி வந்தது. இரவு ஒன்பது மணிக்கு அப்பா ஒலியளவைக் குறைத்தார். ஸ்பீக்கர்கள் அடங்கின, சப்வூஃபர் மட்டும் அதே வேகத்தில் சுவரை அதிரவைத்துக்கொண்டிருந்தது. ரெக் அவுட் என்பது கேசட்டில் பதிவு செய்வதற்காக வைத்த வெளியீடு. ஒலியளவுக் குமிழுக்கு முன்பே அது பிரிந்துவிடுகிறது. நீங்கள் குமிழை எவ்வளவு திருப்பினாலும் அதற்குத் தெரியாது. சப்வூஃபருக்கு அது உதவாது.

அடுத்து, சப்வூஃபரில் இருந்த ஸ்பீக்கர் முனைகளைப் பயன்படுத்தினேன். ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இன்னொரு ஜோடி வயரை எடுத்து சப்வூஃபருக்குக் கொடுப்பது. இது முறையான வழிதான். ஆம்ப்ளிஃபயருக்கு இதனால் கூடுதல் சுமை ஏறாது, ஒலியளவும் சேர்ந்தே கூடிக் குறையும். ஒரே ஓர் எச்சரிக்கை: இப்போது விற்கும் சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் கறுப்பு முனை எர்த் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. அதைச் சப்வூஃபரின் கறுப்பு முனையோடு சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் பழுதாகலாம். கையேட்டைப் பார்க்காமல் இணைக்காதீர்கள்.

இணைப்பு சரியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா இரண்டு நாள் கேட்டுவிட்டு, "தவில் பக்கத்துத் தெருவில் அடிக்கிற மாதிரி இருக்கிறது. பெட்டியை நிறுத்து" என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. அன்று இரவு ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பேஸ் கிதார் வரும் இடங்களில் அந்த 5 அங்குலக் கூம்பு கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் ஓடியது. அதே நொடியில் அதே கூம்பிலிருந்துதான் பாடகரின் குரலும் வந்துகொண்டிருந்தது. பிரச்சினை எங்கே என்று அப்போதுதான் புரிந்தது.

ஒரு ஸ்பீக்கர் அதே சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் தர வேண்டுமானால், கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதுமென்றால், 40 ஹெர்ட்ஸில் நான்கு மில்லிமீட்டர். பேஸ் கிதாரின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ். சிறிய ஸ்பீக்கர் அந்தச் சுரத்தை வாசிக்க மல்லுக்கட்டும்போது குரலும் சேர்ந்து கலங்குகிறது. சப்வூஃபர் வந்த பிறகும் சிறிய ஸ்பீக்கரின் தலையிலிருந்து அந்தச் சுமையை நாம் இறக்கி வைக்கவில்லை. போதாததற்கு, இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் இடத்தில் பேஸ் இரட்டிப்பாகி ஊதிப்போகிறது.

கிராஸோவர் என்றதும் சப்வூஃபரின் முதுகில் இருக்கும் குமிழைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான்: மேல் ஒலிகள் சப்வூஃபருக்குப் போகாமல் தடுக்கிறது. கீழ் ஒலிகள் சிறிய ஸ்பீக்கருக்குப் போகாமல் தடுப்பது மற்றப் பாதி. பழைய ஸ்டீரியோவில் அதை நாம்தான் செய்ய வேண்டும்.

அப்பாவின் ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் 'பிரீ அவுட்', 'மெயின் இன்' என்று இரண்டு ஜோடித் துளைகள் இருந்தன. நடுவே ஆங்கில யூ எழுத்துப் போல வளைந்த இரண்டு உலோகத் துண்டுகள் அவற்றை இணைத்திருந்தன. அக்கால ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் இதைக் காணலாம். அந்தத் துண்டுகளைக் கழற்றினால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு பாகமாகப் பிரிந்துவிடும்: ஒலியளவுக் குமிழ் உள்ள முன்பாகம், ஸ்பீக்கரை ஓட்டும் பின்பாகம். பிரீ அவுட்டில் ஒரு பிரிப்பு வயரைச் செருகி, ஒரு கிளையைச் சப்வூஃபருக்குக் கொடுத்தேன். இன்னொரு கிளையை மெயின் இன்னுக்குத் திருப்பி, வழியில் கீழ் ஒலிகளைத் தடுக்க ஒரு கெபாசிட்டரைத் தொடராக வைத்தேன். மெயின் இன்னின் உள்ளீட்டுத் தடை 47 கிலோ ஓம் என்று கையேட்டில் இருந்தது. அதற்கு 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வைத்தால் ஏறக்குறைய 72 ஹெர்ட்ஸிலிருந்து கீழ் ஒலிகள் மெல்ல இறங்கத் தொடங்கும். இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டு கெபாசிட்டர்கள், சில ரூபாய்தான் செலவு. சப்வூஃபரின் குமிழை 70க்கு அருகில் வைத்தேன். மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தபோது கூம்பு அசைவதே தெரியவில்லை. நாகஸ்வரத்தின் பக்கத்திலேயே தவில் வந்து உட்கார்ந்தது. அப்பா எதுவும் சொல்லவில்லை. இசைத்தட்டை மட்டும் முடியும்வரை கேட்டார்.

உங்கள் ஆம்ப்ளிஃபயரில் இந்தத் துளைகள் இல்லையென்றால் ஸ்பீக்கர் முனை வழியே இணையுங்கள். அப்போது சிறிய ஸ்பீக்கர் முழு ஒலியையும் வாசிக்கத்தான் செய்யும். அது எங்கே தானாக ஓய்கிறதோ அங்கே சப்வூஃபர் தொடங்க வேண்டும். ஸ்பீக்கரின் விவரத்தில் 55 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் குமிழை 50–60க்குள் வைத்துக் கேட்டுப் பாருங்கள். 100ல் வைத்தால் என் அப்பா சொன்னதை உங்கள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள்.

நாளை ரிசீவரே வாங்கினாலும் இதே கொள்கைதான். அதன் மெனுவில் ஸ்பீக்கரை 'ஸ்மால்' என்று வையுங்கள். அது அளவைப் பற்றிய சொல் அல்ல. "கீழ் ஒலிகளைச் சப்வூஃபருக்கு அனுப்பு" என்பதுதான் அதன் பொருள். 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். லூகாஸ்ஃபிலிம் திரைப்பட நிறுவனத்தில் டாம்லின்சன் ஹோல்மன் உருவாக்கிய டிஎச்எக்ஸ் என்ற ஒலித்தர முறையின் வீட்டுத் தரத்தில் பரவிய எண் அது. அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நம் காது எளிதில் கண்டுபிடிப்பதில்லை. பிறகு, மறக்காமல் சப்வூஃபரின் குமிழை முழுக்கத் திருப்பி உச்சத்தில் வையுங்கள், அல்லது அதன் வடிகட்டியை விலக்கும் 'எல்எஃப்இ' என்ற நிலைக்குத் தள்ளுங்கள். என் தங்கை வீட்டில் ரிசீவரிலும் 80, சப்வூஃபரிலும் 80 என்று வைத்திருந்தார்கள். இரண்டு வடிகட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்ததால், ஸ்பீக்கரும் சப்வூஃபரும் கைகோக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) அதில் மெலிந்துபோனது. குமிழை உச்சத்துக்குத் திருப்பியதும் திரும்பி வந்தது. வடிகட்டும் வேலை ஒரே இடத்தில் நடக்க வேண்டும்.

வாட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 40 வாட் போதும். 86 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும். பத்து வாட்டில் 96. நாற்பதில் 102. எண்பது வாட் ஆம்ப்ளிஃபயர் வாங்கினால் கிடைப்பது 105, அதாவது மூன்று டெசிபல் மட்டும். அந்த வித்தியாசத்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சப்வூஃபருக்குச் சொந்த ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருக்கிறது, கீழ் ஒலிகளை அது ஏற்றுக்கொண்டால் உங்கள் 40 வாட்டின் பளுவும் குறையும். நீங்கள் பார்க்க வேண்டியது ஓம், அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. ஏ, பி என்று இரண்டு ஜோடி 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சேர்த்து ஓட்டினால் பல ஆம்ப்ளிஃபயர்கள் அவற்றை இணையாகச் சேர்த்து 4 ஓம் ஆகப் பார்க்கும். உங்களுடையது அதைத் தாங்குமா என்று பின்புறத்தில் அச்சிட்டிருக்கும்.

இனி இடம். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர். ஸ்பீக்கரைவிடச் சப்வூஃபர் இரண்டு மீட்டர் சொச்சம் தள்ளியிருந்தால் இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலேயே இருந்துகொண்டு, அலையைத் தலைகீழாக்கும் சப்வூஃபரின் 0/180 பொத்தானை வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. எங்கள் அறை 14 அடி நீளம். அந்த நீளத்தில் 40 ஹெர்ட்ஸ் தேங்கி நிற்கும். சுவரோரம் உட்கார்ந்தால் வயிற்றில் இடிக்கும், அறையின் நடுவில் உட்கார்ந்தால் அதே சுரம் காணாமல் போகும். நான் சப்வூஃபரை நாற்காலி இருக்கும் இடத்தில் வைத்து, சுவரோரமாகத் தரையில் ஊர்ந்து ஊர்ந்து கேட்டு, சுரங்கள் எல்லாம் சமமாக ஒலித்த இடத்தைக் கண்டுபிடித்தேன். பிறகு அங்கே சப்வூஃபரை வைத்தேன். இந்த ஒரு மணி நேர வேலை, இரண்டு மடங்கு விலையுள்ள சப்வூஃபர் தருவதைவிட அதிகம் தந்தது.

இணைத்ததும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால் ஆம்ப்ளிஃபயரையும் சப்வூஃபரையும் ஒரே பிளக் பெட்டியில் செருகுங்கள். டிவியும் இணைந்திருந்தால் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதில் போய்விடும். எர்த் பின்னை வெட்டச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

சப்வூஃபரின் சத்தம் எவ்வளவு என்பதற்கு நான் வைத்திருக்கும் சோதனை வானொலிச் செய்தி. ஆண் குரலில் செய்தி ஓடும்போது சப்வூஃபர் இருக்கும் மூலையிலிருந்து குரலின் கனம் தனியாகக் கேட்டால், குமிழின் எண்ணோ ஒலியளவோ அதிகம். இரண்டையும் மாற்றி மாற்றிக் குறைத்து, குரல் முழுவதும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே வந்து நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். குமிழ் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், வீட்டைப் பெருக்கும்போது திரும்பிவிடும்.