கச்சேரி வயலினும் திரையிசையும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஒன்பது ஆண்டுகளாக வயலின் பயில்கிறேன். நண்பர்கள் எடுக்கும் குறும்படத்துக்கு இசையமைக்கக் கேட்டிருக்கிறார்கள். ஆனால் கச்சேரிக் கை கெட்டுவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். சுலோவேனியாவின் யானி கோலொப் இரண்டு துறையிலும் இயங்கியவர் என்று அறிந்தேன். அவரைப் பற்றிக் கூறுவீர்களா?
– வாசகி, கொக்குவில்

பதில்: கோலொப்பும் உங்களைப் போல வயலினில் தொடங்கியவர்தான். 1948இல் லியுப்லியானாவில் பிறந்த அவர், பிற்காலத்தில் அந்நகரின் இசைக் கல்விக்கழகத்தில் பேராசிரியராகவும் விளங்கினார். அவர் பிறந்த அதே ஆண்டில், பிரான்ஸே ஷ்டிக்லிட்ஸ் இயக்கிய முதலாவது சுலோவேனிய முழுநீளப் பேசும் படம் வெளிவந்தது. அதற்கு இசையமைத்த மரியான் கோசினா, ஓபராவும் சிம்பொனியும் எழுதியவர். அந்நாட்டுத் திரையிசையைத் தொடக்கிவைத்ததே கச்சேரி மண்டபத்துக் கைதான் என்பதை உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள். 1986இல் ஷ்டிக்லிட்ஸின் மகன் டுகோ சிறுவர் படமொன்றை இயக்கியபோது, அதன் இசை கோலொப்புடையதாயிற்று.

கோலொப் நரம்பிசைக் குழுவுக்காக நான்கு சுலோவேனிய நாட்டார் பாடல்களை அமைத்திருக்கிறார். திரையிசையில் இறங்குமுன் அதை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். ஒரு சிறு மெட்டை அதன் இயல்பு குலையாமல் பல வயலின்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கலையே, ஒரு நிமிடக் காட்சிக்கு இசையமைப்பவருக்கும் வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் பயிற்சி எங்கே கைகொடுக்கும் என்பதையும் காட்டுகிறேன். கச்சேரியில் காலத்தை நீங்கள் வகுக்கிறீர்கள். திரையில் படம் வகுக்கிறது. செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில், நிமிடத்துக்கு 72 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று காலப்பிரமாணம் (வேகம்) வைத்தால், ஓர் அட்சரத்துக்குச் சரியாக 20 சட்டகங்கள் வரும். 40 செக்கன் நீளும் காட்சி 48 அட்சரம், அதாவது எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் ஆறு ஆவர்த்தனம் (தாளச் சுற்று). அக்காட்சியின் 25ஆவது செக்கனில் ஒரு கதவு திறக்கிறதென்றால், நான்காம் ஆவர்த்தனத்தின் இரண்டாம் துருதம், அதாவது அச்சுற்றின் ஏழாம் அட்சரம், விழும்போது அது திறக்கும். கோர்வைக்கு (தாளத்துக்குள் கணக்காக அடங்கும் முடிப்புக்கு) கணக்குப் போட்டுப் பழகிய உங்களுக்கு இது புதிய வித்தையன்று.

நாளாந்தச் சாதகத்தைக் கைவிட்டால் மட்டுமே கை கெடும், அதை விடாதீர்கள். கதையைக் கேட்டவுடன் மெட்டுப் போடாமல், வெட்டித் தொகுத்து முடித்த படத்தை நண்பர்களிடம் கேட்டு வாங்கி, கையால் தாளம் போட்டபடி இரண்டு முறை பாருங்கள். வயலினை அதன் பிறகு எடுங்கள்.