இணைப்பு ரயில் தவறினால் இழப்பீடு யார் தருவார்கள்?

கேள்வி: ஜெர்மனியின் பான் நகரில் படிக்கிறேன். டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் (நாடு முழுதும் பிராந்திய வண்டிகளில் போகும் மாதச் சீட்டு) ஆர்.இ. 5 என்ற பிராந்திய ரயிலில் ஏறி கொலோன் போய், பெர்லினுக்கு டாய்ச்ச பானின் அதிவேக ரயிலான ஐ.சி.இ. பிடிப்பதாக இருந்தேன். அதற்குத் தனியாக 40 யூரோவுக்கு ஸ்பார்பிரைஸ் டிக்கெட் (குறித்த வண்டிக்கு மட்டுமான சலுகை டிக்கெட்). ஆர்.இ. 25 நிமிடம் தாமதம், ஐ.சி.இ. போய்விட்டது. புது டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். ஜெர்மனியின் தேசிய ரயில் நிறுவனமான டாய்ச்ச பானிடம் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், கிடைக்காது. இரண்டு டிக்கெட் என்றால் சட்டப்படி இரண்டு தனிப் பயணம். முதலாவதன் தாமதத்துக்கு இரண்டாவது பொறுப்பில்லை.

ஆர்.இ. 5-ஐ ஓட்டுவது டாய்ச்ச பான் அல்ல, நேஷனல் எக்ஸ்பிரஸ் என்ற வேறு நிறுவனம். 1996 முதல் ஜெர்மனியில் பிராந்திய ரயில்களுக்கு மாநிலங்களே பொறுப்பு. எந்த வழித்தடத்தில் எத்தனை வண்டி, எத்தனை பெட்டி என்பதை அவை அமைத்த போக்குவரத்து ஆணையங்கள் முடிவுசெய்து, டெண்டர் விட்டு, மானியம் கொடுத்து ஓட்டச் சொல்கின்றன. வண்டி தாமதமானால் நிறுவனத்துக்கு அபராதம் உண்டு. ஆனால் அது ஆணையத்துக்குப் போகும், பயணியின் பைக்கு வராது. ஐ.சி.இ. மானியமில்லாத வணிகச் சேவை.

ஆனாலும் ஆர்.இ.-யை யார் ஓட்டினார்கள் என்பது உங்கள் விஷயத்தில் முக்கியமில்லை. டாய்ச்ச பானே ஓட்டியிருந்தாலும் பதில் இதுதான்.

அடுத்த முறை பான் நகரிலிருந்து பெர்லின் வரை ஒரே டிக்கெட்டாக எடுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட் கையில் இருக்கும்போது வீண்செலவாகத் தோன்றும். இணைப்பு முக்கியமென்றால் அந்தச் சில யூரோவைப் பார்க்காதீர்கள். பெர்லின் சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தாலே, ஸ்பார்பிரைஸில் குறித்த வண்டியில்தான் ஏற வேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கிவிடும், அடுத்த ஐ.சி.இ.-யில் ஏறலாம். 60 நிமிடத்தாமதத்துக்குக் கட்டணத்தில் 25%, 120 நிமிடத்துக்கு 50% இழப்பீடு. 40 யூரோ டிக்கெட்டென்றால் 10 அல்லது 20 யூரோ. கணக்கு கடைசி நிலையத்தில் இறங்கும் நேரத்தை வைத்துத்தான், இடையில் வண்டி எவ்வளவு நின்றது என்பதை வைத்தல்ல. இணைப்புக்கு மிகக் குறைந்த நேரம் விட்டு நீங்களாகவே வண்டிகளைச் சேர்த்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை; தேடலில் வரும் பயணத்திட்டத்தையே எடுங்கள்.

தாமத அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, டாய்ச்ச பான் செயலியிலோ பயணிகள் உரிமைப் படிவத்திலோ 3 மாதத்துக்குள் விண்ணப்பியுங்கள். பலர் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். முன்பு ஓராண்டு இருந்தது. ஒரு மாதத்துக்குள் பணம் தர வேண்டும். தொகை 4 யூரோவுக்குக் குறைவென்றால் தர மாட்டார்கள்.

மறுத்தால் காரணத்தைக் கவனியுங்கள். கடும் வானிலை, கம்பித் திருட்டு, தண்டவாளத்தில் ஆள் நடமாட்டம் என்றால் இழப்பீடு தர வேண்டாம் என்ற விலக்கு செல்லும். ஊழியர் வேலைநிறுத்தம், தண்டவாள நிர்வாகத்தின் கோளாறு என்று எழுதியிருந்தால் செல்லாது. அப்போது பயணிகள் புகார்களைத் தீர்க்கும் சமரச மையத்துக்கு எழுதுங்கள், பயணிக்குக் கட்டணம் இல்லை.