கொலுசுக் கடையில் ஐந்து கம்ப்யூட்டர், ஒரே நெட்வொர்க்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரம் செய்கிறோம். கீழே பில் போட இரண்டு விண்டோஸ் 11, மாடியில் டிசைன் வரையும் தம்பியிடம் ஒரு மேக், கணக்குப் பார்ப்பவரிடம் உபுண்டு லேப்டாப், தெருவுக்கு எதிரே பட்டறையில் லேசர் மெஷினோடு வந்த விண்டோஸ் எக்ஸ்பி. ஒன்றுக்கொன்று தெரிவதே இல்லை. டிசைன் எல்லாம் பென் டிரைவில்தான் போய் வருகிறது. எல்லாவற்றையும் விண்டோஸாக மாற்றிவிடலாமா?

மாற்ற வேண்டாம். மேக், உபுண்டு என்று இருப்பதில் சிக்கல் இல்லை. முதலில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்ணைப் பாருங்கள். கீழே 192.168.1 என்றும் மாடியில் 192.168.0 என்றும் தொடங்கினால், உங்கள் ஆபீஸில் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது என்று அர்த்தம். மாடியில் சிக்னல் வரவில்லை என்று இன்னொரு வைஃபை ரௌட்டர் வாங்கி, கீழிருந்து வரும் ஒயரை அதன் ‘வான்’ போர்ட்டில், அதாவது வெளி இண்டர்நெட்டுக்கான துளையில் சொருகியிருப்பார்கள். இண்டர்நெட் வரும் என்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. அந்த ரௌட்டரின் முகவரியை 192.168.1.2 என மாற்றி, அதில் முகவரிகளைத் தானே பங்கிட்டுக் கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்து, கடைசியாக ஒயரை உள் நெட்வொர்க்குக்கான ‘லேன்’ போர்ட்டுக்கு மாற்றுங்கள். அந்த 192.168.1.2 வேறு எதற்கும் போகாதபடி கீழ் ரௌட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர். விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் முறைக்கு எஸ்எம்பி என்று பெயர். ஆப்பிளும் 2013-இல் மாவெரிக்ஸ் வந்தபோது அதையே முதல் தேர்வாக்கிவிட்டது. உபுண்டு ஒரு லினக்ஸ்; லினக்ஸில் எஸ்எம்பி பேச, 1992-இல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கிய சம்பா என்ற மென்பொருள் இருக்கிறது. ஆக, மூன்றுக்கும் பொதுப் பேச்சு உண்டு.

நாள் முழுக்க ஓடும் பில் கம்ப்யூட்டரில் ஃபோல்டரை வையுங்கள். ரௌட்டரில் அதற்கு ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள், 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ ஆக இருக்க வேண்டும். பலரும் தடுக்கி விழுவது பாஸ்வேர்டில். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் நாலு இலக்கப் பின் இங்கே செல்லாது. பகிர்வதற்கென்றே அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு லோக்கல் யூசர் கணக்கு தொடங்கி, பாஸ்வேர்டு போட்டு, ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ இரண்டு இடத்திலும் அதற்கு அனுமதி கொடுங்கள். பாஸ்வேர்டே வேண்டாம் என்று திறந்து வைத்தால், விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு அந்த ஃபோல்டரைத் திறக்க மறுக்கும்.

மேக்கில் கமாண்ட்-கே அழுத்தி, ஆங்கிலத்தில் எஸ்எம்பி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பிறகு அந்த முகவரி. உபுண்டு ஃபைல் மேனேஜரிலும் இதையேதான் அடிக்க வேண்டும். ‘நெட்வொர்க்’ பக்கத்தில் பில் கம்ப்யூட்டரின் படம் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஃபைல் திறந்தும் தமிழ் மட்டும் கிறுக்கலாகத் தெரிந்தால் அது பழைய பாமினி எழுத்துருவின் வேலை, நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள்.

எக்ஸ்பியைச் சேர்க்காதீர்கள். அதற்கு எஸ்எம்பியின் முதல் பதிப்பு மட்டுமே தெரியும். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் புகுந்தது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ‘மற்ற கம்ப்யூட்டர்களில் அந்த முதல் பதிப்பை ஆன் பண்ணினால் எல்லாம் சரியாகிடும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் பென் டிரைவே இருக்கட்டும், வைரஸ் பார்த்துவிட்டு.

நாளைக்குப் பட்டறையில் புது கம்ப்யூட்டர் வைத்தாலும் தெருவுக்கு மேலே சாதாரண லேன் ஒயரை இழுக்காதீர்கள். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் நான் அப்படித்தான் மரத்துக்கு மரம் கட்டிக் கொடுத்தேன். கோடை மழையில் ஒரே இடி. ஸ்விட்ச்சும் இரண்டு கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும் போயின. அதற்குப் பதில் ஃபைபர் கேபிள் போடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரம் அதில் பாயாது. உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபராகக் கேட்டு வாங்கி, இரண்டு முனையிலும், ஃபைபரை லேன் ஒயரோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் ஒன்று வையுங்கள்.