அந்த 7 யாருக்குப் போட்ட மதிப்பெண்?

கேள்வி: ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பிசிறு வெட்டும் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 41. போன மாதம் எர்கோனமிக்ஸ் (வேலை உடலுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும்) ஆய்வு என்று ஒருவர் வந்து, நான் வேலை செய்வதைப் படம் எடுத்து, ‘ரூலா’ மதிப்பெண் 7 என்று எழுதிவிட்டுப் போனார். இருப்பதிலேயே மோசமானது அதுதானாம். இணையத்தில் தேடினால் கை விளங்காமல் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். கழுத்தைத் திருப்பினால் சொடக்குச் சத்தம் கேட்கிறது. தோள் வலி, இடுப்பு வலி இருக்கிறது; ஸ்கேனில் டிஸ்க் பல்ஜ் (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு பிதுங்கியிருப்பது) என்று வந்தது. இரவில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வருகிறது, உதறினால் சரியாகிவிடுகிறது. சில சமயம் டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. வலி மாத்திரையும் பி12 மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். வேலை போய்விடுமோ என்று பயந்து, ஆய்வுப் படிவத்தில் வலி எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். நான் தொடர்ந்து வேலை பார்க்க முடியுமா?

பதில்: டம்ளர் நழுவுவதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இரவில் கை மரத்து விழிப்பு வருகிறது, உதறினால் தெளிகிறது என்று யார் சொன்னாலும், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். கார்ப்பல் டனல் என்பது இதுதான். மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகளுக்கும் ஒரு தடித்த நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் இந்த நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நாள் முழுக்க விரல்நுனியால் கத்தரியை அழுத்திக்கொண்டே இருந்தால் நாண்களின் உறை தடித்து இடம் குறைகிறது. அங்கே இளைத்தவன் நரம்புதான்.

எந்தெந்த விரல்கள் மரக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. இன்றிரவு விழித்தால் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மீடியன் நரம்பு. சுண்டுவிரல்தான் மரத்துப்போகிறது என்றால் அது வேறு நரம்பு. முழங்கையிலோ கழுத்திலோ தேட வேண்டும்.

மதமதப்பு மட்டும் இருக்கும்வரை அவகாசம் உண்டு. பிடி நழுவத் தொடங்கினால் கணக்கு மாறுகிறது. உணர்ச்சி மங்கியதால் நழுவலாம். கட்டைவிரல் தசைக்குப் போகும் நரம்பிழைகள் கெட்டதாலும் நழுவலாம். இரண்டாவதுதான் ஆபத்து. அதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே இருக்கும்படி மேசைமேல் வையுங்கள். கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு இரண்டிலும் ஒரே மாதிரி புடைத்திருக்கிறதா, அல்லது வலதில் மட்டும் வற்றி, எலும்பின் ஓரம் துருத்திக்கொண்டு தெரிகிறதா? பிறகு கட்டைவிரலைக் கூரையைப் பார்த்து நேராகத் தூக்குங்கள். வீட்டில் யாராவது அதை ஒற்றை விரலால் கீழே அழுத்தட்டும். இடது கட்டைவிரல் தாக்குப்பிடித்து, வலது சட்டென்று சாய்ந்துவிட்டால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வற்றிய சதை, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் முழுதாகத் திரும்பாமல் போகலாம். சதைமேடு நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் போய்த்தான் ஆக வேண்டும். அவசரம் சற்றுக் குறைவு, அவ்வளவே.

எலும்பு மருத்துவரோ நரம்பியல் மருத்துவரோ, யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். நரம்பு வழியே சமிக்ஞை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை எடுப்பார்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்ப்பார்கள். இரண்டுமே இந்த நரம்பைப் படுத்தக்கூடியவை. ஆரம்பக் கட்டம் என்றால் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டு தூங்கச் சொல்வார்கள்; சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும். சிலருக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி. தசை பலவீனமாகியிருந்தால் அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடும் சிறிய அறுவைச் சிகிச்சை. அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்வதுதான் வழக்கம். பெரும்பாலோர் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

வலி மாத்திரையை எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. எழுதாதவர்கள் பெரும்பாலும் நிறைய நாள் போடுகிறவர்கள். நசுங்கும் நரம்புக்கு அந்த மாத்திரையால் அரை மில்லிமீட்டர் இடம்கூடக் கிடைக்காது. இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு இரண்டும் வேண்டுமானால் கிடைக்கும். நிறுத்துங்கள். பி12 குறைவால் வரும் மதமதப்பு பெரும்பாலும் இரண்டு பாதங்களிலும்தான் தொடங்கும். இரவில் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு எழுப்பாது. ரத்தத்தில் குறைவு என்று தெரிந்தால் போடுங்கள். மருந்துக்கடைக்காரர் சொன்னார் என்பது காரணம் ஆகாது.

இனி அந்த 7. ரூலா என்பது 1993-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மெக்கட்டாம்னி, கோர்லெட் என்ற இருவர் வெளியிட்ட முறை. மேல்கை, முன்கை, மணிக்கட்டு, கழுத்து, முதுகு எந்தக் கோணத்தில் இருக்கின்றன, எவ்வளவு விசை தேவைப்படுகிறது, ஒரே அசைவு நிமிடத்துக்கு 4 முறைக்கு மேல் வருகிறதா என்று பார்த்து 1 முதல் 7 வரை போடுவார்கள். 7 என்றால், இந்த வேலையை உடனே ஆராய்ந்து மாற்று என்று நிர்வாகத்துக்குச் சொல்லும் குறிப்பு. உங்கள் நரம்பைப் பற்றியோ தசையைப் பற்றியோ அதில் ஒரு சொல்கூட இல்லை. அதே மேசையில் அதே மாதிரி குனிந்து 20 வயதுப் பையன் உட்கார்ந்தாலும் 7 தான் வரும். வளைவில் வைத்த எச்சரிக்கைப் பலகை உங்கள் வண்டியின் பிரேக்கைப் பற்றி எதுவும் சொல்வதில்லை அல்லவா?

அந்த 7 கூட அநேகமாகக் குனிந்த கழுத்துக்கும் தூக்கிய தோளுக்கும் வந்ததாக இருக்கும். விரல்நுனியால் கிள்ளிப் பிடிப்பதையும் கத்தரி மழுங்கியிருப்பதையும் ரூலா சரியாகப் பிடிக்காது. கைக்கென்றே ‘ஸ்ட்ரெய்ன் இண்டெக்ஸ்’ என்ற கணக்கு 1995-இல் வந்தது. அழுத்தும் விசை, வேலை நேரத்தில் எத்தனை சதவீதம் அழுத்தலில் போகிறது, நிமிடத்துக்கு எத்தனை அழுத்தல், மணிக்கட்டின் நிலை, வேகம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என ஆறையும் பெருக்குவார்கள். ஆறிலும் அதிக எடை விசைக்குத்தான். உங்கள் பிரிவுக்கு அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாணை பிடிக்காத கத்தரி எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று அவர்களுக்கே விளங்கும்.

ஆனால் ‘வலி இல்லை’ என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே! அப்படிப்பட்ட படிவங்களுக்கெல்லாம் முன்மாதிரி 1987-இல் வந்த நார்டிக் வினாப்பட்டியல். உடலை 9 பகுதிகளாகப் பிரித்து, கடந்த 12 மாதத்தில் தொந்தரவு உண்டா, கடந்த 7 நாளில் உண்டா என்று கேட்கும். வரிசையில் பத்துப் பேருக்கும் கை மரத்து, பத்துப் பேரும் இல்லை என்று எழுதினால், ‘ஆபத்தான வேலை, ஆனால் புகார் இல்லை’ என்று அறிக்கை போகும். அந்தக் கோப்பை யாரும் அவசரமாகத் திறக்க மாட்டார்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் வலியைச் சொன்னதால் வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம்; கத்தரி பிடிக்க முடியாமல் போனால் வேலை போவது நிச்சயம். பதிலைத் திருத்திக் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும். வலியில்லாத கழுத்துச் சொடக்கு வெறும் சத்தம், மறந்துவிடுங்கள். டிஸ்க் பல்ஜ், இடுப்பு வலியே இல்லாத 40 வயதுக்காரர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஸ்கேனில் தெரியும். கால் பலவீனமானாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, தொடை இடுக்கில் மரத்துப்போனாலோ மட்டும் அன்றே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தோள் வலிக்கு மேசையின் உயரத்தைப் பாருங்கள். நுணுக்கமான கைவேலைக்கு அது முழங்கையைவிட 5 முதல் 10 செ.மீ. உயரமாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் தோளைத் தூக்கிக்கொண்டே வெட்டுவீர்கள். ‘நேராக உட்காருங்கள்’ என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவதால் மேசை இறங்கிவிடாது. வேலை நேரத்தில் மணிக்கட்டுப் பட்டை கட்டுவதும் வேண்டாம். மணிக்கட்டு அசையாததற்குத் தோள் கூலி கொடுக்கும்.

தொடர்ந்து வேலை பார்க்க முடியுமா என்று கேட்டீர்கள். சீக்கிரம் சிகிச்சைக்கு வந்தால் பெரும்பாலோர் பார்க்கிறார்கள், ஆனால் அதே கத்தரியோடு அதே அளவு நேரம் கூடாது. கூர்மையான, தானாக விரியும் ஸ்பிரிங் கத்தரி வேண்டும். நடுநடுவே வேறு வேலைக்கு மாற்றிவிட வேண்டும். பிசிறு வெட்டுவதிலிருந்து பொத்தான் தைக்க மாற்றுவதை மாற்றம் என்று சொல்லாதீர்கள். உழைப்பது அதே விரல்கள்தான்.

மருத்துவரிடம் போகும்போது கத்தரியையும் எடுத்துப் போய், எப்படிப் பிடிக்கிறீர்கள், நிமிடத்துக்கு எத்தனை முறை வெட்டுகிறீர்கள் என்று செய்து காட்டுங்கள். நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். ‘கனமான வேலை வேண்டாம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், கத்தரி என்ன கனம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ‘வலது கையால் கத்தரி அழுத்துவது இத்தனை வாரத்துக்குக் கூடாது’ என்று வாரக் கணக்கோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.